கூரை மாற்றுமுன் லயத்தைக் கூட்டுங்கள்



தென்மேற்குக் காற்று தொடங்குமுன் கூரையைச் சரிசெய்துகொள்ள வேண்டும் என்று பல தோட்டங்களிலிருந்து தலைவர்மாரும் மாதர் தலைவிமாரும் பேசுகிறார்கள். சீட்டுப் பணம் எடுத்து, நகையை அடகு வைத்துக் கூரை போடுகிற குடும்பங்கள் எம்மிடம் கேட்பது ஒரே கேள்வி: "அஸ்பெஸ்டஸ் போடுவதா, தகரம் போடுவதா, சேர்?"

அஸ்பெஸ்டஸ் கேட்கிறவர்களிடம் நியாயம் இருக்கிறது. தகரக் கூரையின் கீழ் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மழை பெய்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. பகலில் வெயில் இறங்கும். விடியற்காலையில் தகரம் வியர்த்துப் படுக்கையில் சொட்டும். துருப்பிடித்த ஆணி ஓட்டைக்குத் தார் பூசி, காற்றுக்குப் பறக்காமலிருக்கக் கல்லும் பழைய டயரும் ஏற்றி வைத்திருக்கிறோம். நான் படிப்பிக்கும் வகுப்பறையும் தகரம்தான். அடைமழை வந்தால் பேசுவதை நிறுத்திவிட்டுக் கரும்பலகையில் எழுதுவேன். பிள்ளைகள் பார்த்து எழுதுவார்கள். அஸ்பெஸ்டஸ் துருப்பிடிக்காது, சத்தமும் குறைவு. அதனால் ஆசை வருகிறது.

இருந்தும், புதிதாகக் கூரை போடுகிற எவரும் அஸ்பெஸ்டஸ் வாங்க வேண்டாம் என்பதே எமது கருத்து. அந்தச் சீட்டுக்குள் சீமெந்தோடு கலந்திருப்பது கண்ணுக்குத் தெரியாத நார். சீட்டை அறுக்கும்போதும் துளைக்கும்போதும் உடைக்கும்போதும் அது தூசாகப் பறந்து நெஞ்சுக்குள் போகிறது, வெளியே வருவதில்லை. எல்லா வகை அஸ்பெஸ்டஸும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நோய் தலைகாட்ட 20, 30 வருடங்கள் ஆகலாம். இன்று அப்பாவுக்குச் சீட்டுப் பிடித்துக் கொடுக்கிற பத்து வயதுப் பிள்ளைக்கு நாற்பது வயதில் மூச்சு வாங்கினால், யாரிடம் போய்க் கணக்குக் கேட்பது? 50க்கும் மேற்பட்ட நாடுகள் இதைத் தடை செய்துவிட்டன.

நம் நாட்டில் ஏன் தடையில்லை? 2018 ஜனவரியிலிருந்து அஸ்பெஸ்டஸ் இறக்குமதியைக் கட்டுப்படுத்த அரசாங்கம் தீர்மானித்திருந்தது. நமக்குப் பெருமளவில் அஸ்பெஸ்டஸ் விற்கும் நாடு ரஷ்யா. நமது தேயிலையைப் பெருமளவில் வாங்கும் நாடுகளில் ஒன்றும் ரஷ்யாதான். 2017 டிசம்பரில், தேயிலைப் பொதியில் ஒரு வண்டு இருந்தது என்று சொல்லி ரஷ்யா இலங்கைத் தேயிலையை நிறுத்தியது. அஸ்பெஸ்டஸ் கட்டுப்பாடு ஒத்திவைக்கப்பட்டது. அந்த மாத முடிவுக்குள் தேயிலைத் தடையும் நீங்கியது. இரண்டுக்கும் தொடர்பு உண்டென்று அந்நாட்களில் பத்திரிகைகள் எழுதின. நாம் பறித்த கொழுந்துக்குச் சந்தை வேண்டும் என்பதில் எமக்கும் மறுப்பில்லை. ஆனால் அந்தப் பேரம் நம் தலைக்கு மேலேயே நடந்ததைத் தோட்டத்து மக்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

அப்படியானால் எதைப் போடுவது? ஓடு நல்லது; ஆனால் பாரம் அதிகம், சரிவும் கூடுதலாக வேண்டும். லயத்தின் பழைய மரமும் சுவரும் அதைத் தாங்கும் என்று நம்பி ஏற்றக்கூடாது. இன்றைய நிலையில் நமக்குச் சரிப்படுவது கடைகளில் அமானோ என்று கேட்டால் தருகிற சிங்க்-அலுமினியச் சீட். பழைய தகரத்தைவிடத் துருவுக்கு நின்று பிடிக்கும். பாரம் அஸ்பெஸ்டஸில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். வாங்கும்போது விலையை மட்டும் கேட்காமல் தடிப்பையும் கேளுங்கள். 0.47 மில்லிமீற்றர் கிடைத்தால் நல்லது. மெல்லியது காற்றடிக்கும் மலையில் மடங்கிப் போகும். ஆணி வேண்டாம், ரப்பர் வாஷர் உள்ள திருகாணி போடுங்கள், அதுவும் சீட்டின் மேட்டில். சத்தத்துக்கும் வியர்வைக்கும் கீழே ஒரு தட்டுப் பலகையாவது அடிக்க வேண்டும். பணம் போதாவிட்டால் முதலில் படுக்கிற காம்பிராவுக்கு மட்டும் அடியுங்கள்.

ஏற்கெனவே அஸ்பெஸ்டஸ் இருக்கிற வீட்டார் பதற வேண்டாம். உடையாத சீட்டால் உடனடி ஆபத்து குறைவு. பாசி பிடித்தால் கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள். கழற்றும்போது நன்றாக நனைத்து, முழுசாக இறக்குங்கள். பிள்ளைகள் பக்கத்தில் நிற்கக்கூடாது. உடைந்த துண்டைக் கூட்டுமாற்றால் கூட்டக்கூடாது. மரக்கறிப் பாத்திக்கு வரம்பு கட்டவும் பாதைக் குழியை மூடவும் போடுகிற வழக்கத்தை இன்றோடு விடுங்கள்.

இனி லயத்தின் விஷயம். தனி வீடென்றால் கூரையும் தனி. லயத்துக்கு ஒரே முகடு. நான் சிறுவனாக இருந்தபோது பக்கத்துக் காம்பிராக்காரர் கடன் வாங்கி அஸ்பெஸ்டஸ் போட்டார், எங்களுடையது தகரம். இரண்டின் வளைவும் பொருந்தவில்லை. பொருத்தில் இறங்கிய தண்ணீர் இரு வீட்டுக்கும் வந்தது. இரண்டு வருடம் இரு குடும்பமும் பேச்சில்லை. யார் மீதும் பிழையில்லை, ஆளுக்கொரு நேரத்தில் ஆளுக்கொரு சீட்டு வாங்கியதுதான் பிழை. ஆகவே கடன் பாரத்தில் கையெழுத்து வைக்குமுன் லயத்தில் உள்ள எல்லோரும் கூடிப் பேசுங்கள். ஒரே வகை, ஒரே தடிப்பு, ஒரே பாஸ் என்றால் விலையும் பேசி வாங்கலாம்.

"எதற்கு இவ்வளவு செலவு, லயம் நம்முடையதா?" என்று கேட்பவர்களும் உண்டு. என் அப்பா தகரத்தையே விரும்பியதற்குக் காரணம் கேட்டபோது, "நாளைக்கு எழும்பச் சொன்னால் கழற்றிக்கொண்டு போகலாம்" என்றார். காணி உறுதி இல்லாதவன் கூரையைக்கூட அப்படித்தான் தெரிவு செய்கிறான். லயம் நம் பெயரில் இல்லை. ஒழுகும்போது மட்டும் அது நம்முடையதாகிவிடுகிறது. லயத்தின் மரமும் கூரையும் முழுதாக மாற்றுவது நிர்வாகத்தின் செலவு. புதிய வீட்டுத் திட்டம் எதிலும் அஸ்பெஸ்டஸ் ஏற்றக்கூடாது. வீட்டோடு ஏழு பேர்ச் காணிக்கும் உறுதி கையில் வர வேண்டும். இந்த மூன்றையும் எழுத்தில் கேட்கிறோம்.

அதற்கு விபரம் வேண்டும். ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் லயம் லயமாகப் போய், எத்தனை காம்பிரா, என்ன கூரை, எங்கே ஒழுகுகிறது, மரம் எப்படி என்று ஒரு கொப்பியில் எழுதி, அடுத்த மாதக் கூட்டத்துக்குத் தலைவர் கையில் கொடுத்தனுப்புங்கள். எழுத ஆள் இல்லாவிட்டால் ஓ/எல் படிக்கிற பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள்.