போன் நல்லாத்தான் இருக்கு, ஆனா ஓடாது

கிணத்து மோட்டார் புகைஞ்சா காயில் கட்டி ஓட்டுறோம். போனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லைங்க. பேட்டரி, திரை எல்லாம் நல்லா இருந்தாலும், உள்ளே இருக்கிற ஆண்ட்ராய்டு பழசுன்னு ஒதுக்கிடுறாங்க. 2023 அக்டோபர்ல இருந்து ஆண்ட்ராய்டு 5-க்குக் கீழே உள்ள போன்ல வாட்ஸ்அப் வேலை செய்யாது. தக்காளி விலையும் முறைத் தண்ணி சேதியும் வாட்ஸ்அப் குரூப்லதான் வருதுங்கிற ஊர்ல இது சின்ன விஷயமா?

செயலி எழுதுறவங்க பாடும் திண்டாட்டம்தான். வருஷா வருஷம் புது ஆண்ட்ராய்டு வரும். அதுக்கேத்த மாதிரி மாத்தலைன்னா கூகுள் பிளே ஸ்டோர்ல அப்டேட் போட முடியாது. அப்படியே விட்டா, நாளாவட்டத்துல புது போன் வாங்குறவங்க கண்ணுக்கே அந்தச் செயலி தெரியாது. பெரிய கம்பெனி சமாளிச்சுக்கும். பால் கணக்கு எழுத ஒரு செயலியை ஒத்தை ஆளா உக்காந்து இலவசமா செஞ்சவர் என்ன பண்ணுவார்? விட்டுட்டுப் போயிடுவார். நட்டம் நமக்குத்தான்.

பாதுகாப்புக்காகன்னு சொல்றாங்க. நியாயம்தான், பேங்க் பணமே போன்ல இருக்கு. ஆனா ஓட்டையை அடைக்கிறது வேற, வீட்டையே இடிச்சுக் கட்டுறது வேற. ஐரோப்பிய ஒன்றியத்துல 2025 ஜூன் முதல், ஒரு மாடல் விற்பனையை நிறுத்தின பிறகும் 5 வருஷம் அப்டேட் கொடுக்கணும்னு விதி இருக்கு. இங்கேயும் அது வரணும். அதுவரைக்கும் போன் வாங்கும்போது கேமராவை மட்டும் பாக்காதீங்க. எத்தனை வருஷம் அப்டேட் வரும்னு கடைக்காரர்கிட்ட கேளுங்க.