மூன்றடி நரம்பு

2012 செப்டம்பரில் காஷ்மீரின் லித்தர் ஆற்றில் ஒரு ட்ரவுட் மீனைப் பறிகொடுத்தேன். மீன் போனதில் வருத்தமில்லை. பிடித்திருந்தாலும் திரும்ப ஆற்றில்தான் விட்டிருப்பேன். ஆனால், போகும்போது என்னுடைய மூன்றடி நரம்பையும் வாயில் இழுத்துக்கொண்டு போய்விட்டது. அதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

'இந்தாளுக்கு வேற வேலையே இல்லையா, தூண்டில் நரம்புக்கு ஒரு பக்கமா?' என்று சைவ வாசகர்கள் அவசரமாகப் புரட்டிவிட வேண்டாம். எனக்குச் சண்டை மீனோடு அல்ல. முடிச்சுக்கு மார்க் போடுகிறவர்களோடு.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஃப்ளை ஃபிஷிங்கில் மண்புழு கிடையாது. கோழி இறகையும் முயல் ரோமத்தையும் முள்ளில் வைத்து நூலால் சுற்றிச் செய்த பொய் ஈ ஒன்றுதான் இரை. அதற்குக் கனமே இல்லை. வீசினால் மூக்குக்கு முன்னால் விழும். அதனால் கொஞ்சம் பருமனான ஒரு கயிற்றைச் சாட்டை மாதிரி வீசி, அந்த வேகத்தில் ஈயை அனுப்புகிறார்கள். கயிறு தண்ணீரில் விழுவதை மீன் பார்த்துவிட்டால் காரியம் கெட்டது. எனவே கயிற்றின் நுனியில் ஒன்பதடிக்கு நைலான் நரம்பு. நம்மூரில் தங்கூசி என்கிறோமே, அதேதான். கயிற்றுப் பக்கம் பருமனாக ஆரம்பித்து, போகப் போக மெலியும். இதன் பெயர் லீடர்.

ஈயை மாற்றும்போதெல்லாம் லீடரின் நுனியில் சில அங்குலம் வெட்டுப்படும். வெட்ட வெட்டப் பருமனான பகுதிக்கு வந்துவிடுவோம். விலை கொடுத்து வாங்கிய லீடரைக் காப்பாற்ற, அதன் நுனியில் இரண்டு மூன்றடிக்கு மெல்லிய நரம்பை ஒட்டுப் போடுகிறார்கள். இது டிப்பெட்.

இந்த லீடரையும் டிப்பெட்டையும் எந்த முடிச்சால் இணைப்பது? வடகலை, தென்கலை சண்டையெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை.

கேள்வி புதிதல்ல. 1496ல் இங்கிலாந்தில் அச்சான தூண்டில் நூலிலேயே, குதிரைவால் முடியை ஒன்றோடொன்று இணைக்க இன்ன முடிச்சு என்று பெயர் சொல்லி எழுதியிருக்கிறார்கள். பிறகு பட்டுப்புழுவின் வயிற்றிலிருந்து இழுத்தெடுத்த நரம்பு வந்தது. அதை உலோகத் தகட்டின் ஓட்டை வழியாக இழுத்து இழுத்து மெலிய வைத்தார்கள். எத்தனை தடவை இழுத்தார்களோ அத்தனை 'எக்ஸ்'. இன்றைக்கு நைலான் வந்த பிறகும் அந்தக் கணக்கு போகவில்லை. பதினொன்றிலிருந்து எக்ஸைக் கழித்தால், அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பாகம் பருமன் என்று தெரிந்துவிடும். 5எக்ஸ் என்றால் ஆயிரத்தில் ஆறு பாகம். சுமார் 0.15 மில்லிமீட்டர். உங்கள் தலைமுடியைவிடக் கொஞ்சம் பருமன், அவ்வளவுதான். அதில்தான் முடிச்சு.

கட்சிகள் இரண்டு. ஒன்று பிளட் நாட், இன்னொன்று சர்ஜன் முடிச்சு. பெயர்களைக் கேட்டால் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நிற்கிற மாதிரி இருக்கிறது.

பிளட் நாட்டுக்கு இரண்டு நரம்புகளையும் எதிரெதிராக வைத்து, ஒவ்வொன்றையும் மற்றதன்மேல் நாலைந்து சுற்று சுற்றி, இரண்டு நுனிகளையும் நடு இடைவெளிக்குள் எதிரெதிர் திசையில் நுழைத்து, நனைத்து, நிதானமாக இழுக்க வேண்டும். சரியாக வந்தால் அழகு. சின்னப் பீப்பாய் மாதிரி, நேர்க்கோட்டில், ஒல்லியாக இருக்கும். சர்ஜன் முடிச்சில் அழகு கிடையாது. இரண்டு நரம்புகளையும் ஓர் அரையடி ஒன்றன்மேல் ஒன்று படியும்படி பக்கத்தில் வைத்து, இரண்டையும் ஒரே நூலாகப் பாவித்து ஒரு சாதாரண முடிச்சு. இறுக்குமுன் வளையத்துக்குள் இன்னொரு தடவை விட வேண்டும். நனைத்து, நாலு முனைகளையும் சேர்த்து இழுத்தால் முடிந்தது. செருப்புக்கு லேஸ் கட்டத் தெரிந்த குழந்தை பத்து நிமிஷத்தில் கற்றுக்கொள்ளும்.

அதனாலேயே இதற்கு மரியாதை இல்லை. 'பிளட் நாட் தெரியாதவன் என்ன தூண்டில்காரன்?' என்று கேட்கிற பெரிய மனிதர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நானும் அப்படி ஒரு ஆளாகத்தான் காஷ்மீருக்குப் போனேன். புத்தகத்தில் அட்டவணை பார்த்து, வீட்டு வராந்தாவில் இரண்டு மாதம் பழகி, மனைவியின் கேலியைத் தாங்கிக்கொண்டு போனேன்.

அந்த அட்டவணைதான் என் எதிரி. பின்பக்கத்தில் கட்டம் கட்டிப் போட்டிருப்பார்கள். இந்த முடிச்சுக்கு நூற்றுக்கு இத்தனை, அந்த முடிச்சுக்கு இத்தனை. பிளஸ் டூ ரிசல்ட் மாதிரி. புத்தகத்துக்குப் புத்தகம் மார்க் மாறும் என்பதை யாரும் சொல்வதில்லை. மாறாமல் எப்படி இருக்கும்? கட்டியது யார், நரம்பு நைலானா ஃப்ளூரோகார்பனா, நனைத்து இறுக்கினாரா, எத்தனை சுற்று, மெள்ள இழுத்தாரா, வெடுக்கென்று இழுத்தாரா? இதெல்லாம் மாறினால் மார்க்கும் மாறும். நைலான் தண்ணீரை உறிஞ்சிக் கொஞ்சம் பலம் இழக்கும். ஃப்ளூரோகார்பன் உறிஞ்சாது. ஆனால் விறைப்பு ஜாஸ்தி, முடிச்சு லேசில் உட்காராது. உலர்ந்தபடி இறுக்கினால் உராய்வுச் சூட்டிலேயே நரம்பு பாழ். இத்தனையையும் மறைத்துவிட்டு ஒரே ஒரு எண்ணைக் கொடுத்தால், அது தகவல் இல்லை. விற்பனை.

மேஜை விளக்கடியில், ஏ.சி. அறையில், நிதானமாகக் கட்டிய முடிச்சுக்குக் கிடைத்த மார்க் அது. ஆற்றில் என்ன நடக்கிறது? பனி உருகிய தண்ணீரில் முழங்கால் வரை நிற்கிறீர்கள். விரல் மரத்துவிட்டது. வெளிச்சம் போய்க்கொண்டிருக்கிறது. நாற்பது வயதைத் தாண்டியவர் என்றால் வெள்ளெழுத்து. எதிரே மீன் மேலே வந்து வந்து போகிறது. கை அவசரப்படுகிறது. அப்போது கட்டுகிற முடிச்சுக்கு எத்தனை மார்க்? அந்த அட்டவணையை யாரும் போடுவதில்லை.

அன்றைக்கு எனக்கு முட்டை மார்க். மீன் கவ்வியது, ஓடியது, கழி வளைந்தது, சட்டென்று நிமிர்ந்தது. 'மட்டமான நரம்பு' என்று கம்பெனியைத் திட்டினேன். கூட வந்த வழிகாட்டிப் பெரியவர் பேசாமல் லீடரைக் கையில் வாங்கி, நுனியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். நுனி பன்றி வால் மாதிரி சுருண்டிருந்தது.

"டூட்டா நஹி ஸாப். குல் கயா" என்றார்.

அறுந்து போகவில்லை, அவிழ்ந்து போய்விட்டது. எனக்குத் தெரிந்த அரைகுறை ஹிந்திக்கே அது சுருக்கென்று புரிந்தது. நரம்பு தன் பலம் தீர்ந்து அறுந்தால் நுனி பெரும்பாலும் நேராக இருக்கும். முடிச்சு வழுகிக் கழன்றால்தான் இப்படிச் சுருளும். காரணமும் உடனே தெரிந்தது. காலையிலிருந்து ஏழெட்டு ஈ மாற்றியதில் லீடரின் நுனி குட்டையாகி, ஆயிரத்தில் பத்து பாகம் பருமனுக்கு வந்துவிட்டது. அதில் ஆறு பாகம் பருமனுள்ள 5எக்ஸைப் பிளட் நாட்டால் கட்டியிருக்கிறேன். அந்த முடிச்சுக்கு இரண்டு நரம்புகளும் ஏறக்குறைய ஒரே பருமனாக இருக்க வேண்டும். வித்தியாசம் ஆயிரத்தில் இரண்டு பாகத்தைத் தாண்டினால் மெல்லியது பருமனானதைச் சரியாகக் கவ்வாது. இதுவும் அதே புத்தகத்தில் இருந்தது, சின்ன எழுத்தில். அட்டவணைதான் பெரிய எழுத்து.

சரி, முடிச்சு அவிழ்ந்தது. அதற்கென்ன? இங்கேதான் விஷயம் இருக்கிறது. டிப்பெட்டுக்கு இரண்டு முடிச்சுகள். மேலே லீடரோடு ஒன்று, கீழே ஈயோடு ஒன்று. கீழ் முடிச்சு போனால் மீனின் வாயில் ஒரு சின்ன ஈ மட்டும் இருக்கும். முள்ளில் எதிர்முனை இல்லாவிட்டால் மீன் அதை உதறித் தள்ள நல்ல வாய்ப்பு உண்டு. மேல் முடிச்சு போனால்? மூன்றடி நரம்பும் மீனோடு போகும். அது வேரிலும் கல்லிடுக்கிலும் போய்ச் சிக்கும். ஒரு முனை வாயில், மறுமுனை வேரில். ஆடு மாட்டைக் கட்டிப் போட்ட மாதிரி மீனைக் கட்டிப் போட்டுவிட்டு நாம் டீ குடிக்கப் போய்விடுகிறோம். மீன் செத்தாலும் நரம்பு மட்காது. அடுத்து ஒரு பறவையின் காலுக்குக் காத்திருக்கும்.

இத்தனைக்கும் அந்த மீன் நாமாக அழைத்த விருந்தாளி. காஷ்மீருக்கு 1900 வாக்கில் பிரிட்டனிலிருந்து முட்டையாகக் கப்பலில் கொண்டுவரப்பட்ட வம்சம். நம் நீலகிரி ஓடைகளில் இருக்கிற ட்ரவுட்டும் இப்படி வெள்ளைக்காரர்களின் பொழுதுபோக்குக்காக வந்து குடியேறியதுதான்.

எனவே, 'எந்த முடிச்சு அதிக பலம்?' என்பது தப்பான கேள்வி. 'போவதென்றால் எந்த முடிச்சு முதலில் போக வேண்டும்?' என்று கேளுங்கள். ஈயில் இருக்கிற முடிச்சுதான் முதலில் போக வேண்டும். லீடர் முடிச்சு அதற்குப் பிறகும் நிற்க வேண்டும். உங்கள் விரல், உங்கள் கண், உங்கள் அவசரம் மூன்றையும் வைத்துக்கொண்டு எதைக் கட்டினால் அது நடக்குமோ, அதுவே உங்களுக்கு நல்ல முடிச்சு. என்னைப் போன்ற பெரும்பாலோருக்கு அது சர்ஜன். பருமன் வித்தியாசத்தைப் பெரிதாகப் பொருட்படுத்தாது. வித்தியாசம் ரொம்ப அதிகம் என்றாலோ, ஃப்ளூரோகார்பன் என்றாலோ மூன்றாவது தடவை வளையத்துக்குள் விட்டால் போதும்.

பிளட் நாட்டை ஒழிக்கச் சொல்லவில்லை. வீட்டில் உட்கார்ந்து பருமனான நைலான் துண்டுகளைப் படிப்படியாக இணைத்துச் சொந்தமாக லீடர் செய்கிறவர்களுக்கு அதுதான் சரி. அங்கே சர்ஜன் முடிச்சு போட்டால் கொழுக்கட்டை மாதிரி புடைத்துக்கொண்டு, கழியின் வளையங்களில் இடிக்கும். பாசி இருக்கிற ஓடையிலும் சர்ஜனின் புடைப்பு குப்பையைச் சேர்க்கும். ஒப்புக்கொள்கிறேன். கடுகளவு உலோக வளையம் ஒன்றை லீடர் நுனியில் கட்டி, அதில் டிப்பெட்டைக் கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். லீடர் குட்டையாகாது, நல்ல யோசனை. ஆனால் ஒரு முடிச்சு இருந்த இடத்தில் இப்போது இரண்டு. அதையும் அதே மரத்த விரல்தான் கட்ட வேண்டும். வளையம் கை தவறி ஆற்றில் விழுந்தால் தேடாதீர்கள்.

பத்து நிமிஷம் செலவழித்தால் உங்கள் முடிச்சுக்கு நீங்களே மார்க் போடலாம். ஈயை ஒரு மரக்கட்டையில் குத்துங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், முள் தெறிக்கும். விளக்கைக் குறைத்துவிட்டு, விரல்களைக் கொஞ்ச நேரம் ஐஸ் தண்ணீரில் வைத்துவிட்டு, இரண்டு முடிச்சுகளையும் கட்டி இழுங்கள். எச்சில் தொட்டு நனைக்க மறக்காதீர்கள். மிச்ச நுனியைப் பல்லால் கடிக்காதீர்கள், பல் டாக்டர் ஃபீஸ் லீடர் விலையைவிட அதிகம். எங்கே போனது, நுனி நேரா, சுருளா என்று பாருங்கள்.

மறுநாள் காலை பெரியவர் என் லீடரை வாங்கி, எச்சில் தொட்டு, இரண்டே சுற்றில் கட்டிக் கொடுத்தார். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. மதியத்துக்குள் ஈ ஒரு முழுகிய கட்டையில் போய் மாட்டிக்கொண்டது. கழியைக் கீழே வைத்துவிட்டுக் கயிற்றைக் கையில் சுற்றி இழுத்தேன். 'டக்'கென்று வந்தது. ஈ இல்லை. மூன்றடி நரம்பு முழுசாகத் திரும்பி வந்திருந்தது. பெரியவர் நுனியை வாங்கிப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, டப்பாவிலிருந்து அடுத்த ஈயை எடுத்தார்.