தயவு அல்ல, உரிமை

ஆகாய விமானப் பிரயாணம் தனவந்தர்களுக்கு மட்டுமே உரியதாக இருந்த காலம் மலையேறிவிட்டது. வியாசர்பாடி எம்.கே.பி. நகரிலும், ராயபுரத்திலும், திருவொற்றியூரிலும், எண்ணூரிலும் வசிக்கும் குடும்பங்களில், துறைமுகத்திலும் ஆலைகளிலும் உழைத்து ஓய்ந்த பெற்றோர்கள், சிங்கப்பூரிலோ வளைகுடா நாடுகளிலோ தொழில் செய்யும் மக்களைக் காணவும், பேரக் குழந்தையின் முகம் பார்க்கவும் மீனம்பாக்கத்தில் விமானம் ஏறுகிறார்கள். இவர்களில் பலருக்கு முழங்கால் தளர்ந்துவிட்டது. சிலர் சக்கர நாற்காலியை விட்டு எழவே இயலாதவர்கள். இவர்கள் பிரயாணம் செய்வது விமானக் கம்பெனிகளின் தயவினாலா, அல்லது தங்கள் சொந்த உரிமையினாலா? இக்கேள்விக்குச் சட்டம் விடை கூறிவிட்டது. நடைமுறைதான் இன்னும் தடுமாறிக்கொண்டிருக்கிறது.

ஸ்ரீமதி ஜீஜா கோஷ் பெருமூளை வாதத்துடன் பிறந்தவர். மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்காக நெடுநாள் உழைத்து வருபவர். 2012 பிப்ரவரி 19-ஆம் தேதி, கோவாவில் நடைபெறவிருந்த ஒரு மகாநாட்டுக்காகக் கல்கத்தாவில் ஸ்பைஸ்ஜெட் விமானத்தில் ஏறி அமர்ந்திருந்த அவரை, சிப்பந்திகள் கீழே இறக்கிவிட்டார்கள். அவர் செய்த குற்றம் என்ன? அவருடைய உடல் மற்றவர் உடல்போல் இயங்கவில்லை என்பது ஒன்றுதான். வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை சென்றது. 2016 மே 12-ஆம் தேதி நீதிபதிகள் ஸிக்ரியும் அகர்வாலும், கம்பெனி அவருக்கு 10 லட்சம் ரூபாய் நஷ்டஈடு தரவேண்டுமென்று தீர்ப்பளித்தார்கள். ஒரு பிரஜையின் சுயமரியாதைக்கு விலை கிடையாது. ஆயினும் அதைப் பங்கப்படுத்துவோருக்கு விலை உண்டு என்பதை அத்தீர்ப்பு நிலைநாட்டியது.

பாடம் கற்றுக்கொண்டார்களா? 2022 மே மாதம் ராஞ்சி நகரில் ஊனமுற்ற ஒரு சிறுவனை இண்டிகோ கம்பெனி விமானத்தில் ஏற்ற மறுத்தது. விமானப் போக்குவரத்து டைரக்டர் ஜெனரல் அக்கம்பெனிக்கு 5 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தார். 2024 பிப்ரவரியில் நியூயார்க்கிலிருந்து பம்பாய் வந்திறங்கிய 80 வயது முதியவர் ஒருவரும் அவர் மனைவியும் சக்கர நாற்காலிக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தும், ஒன்றுதான் வந்தது. மற்றொன்று வரும்வரை காத்திருக்கும்படி கூறியதாகக் கம்பெனி சொல்லிற்று. முதியவரோ மனைவியுடன் நடந்தே சென்று, குடியேற்றச் சோதனை நடக்கும் இடத்தில் விழுந்து உயிர் நீத்தார். ஏர் இந்தியா 30 லட்சம் ரூபாய் அபராதம் கட்ட நேர்ந்தது. அபராதம் சர்க்கார் பொக்கிஷத்துக்குச் சேரும். போன உயிர் திரும்புமா?

இத்தனைக்கும் விதிகளில் குறைவில்லை. நடமாட இயலாதவர் விமானப் பிரயாணம் செய்வது பற்றித் தனி விதி 2008 முதலே இருக்கிறது. ஊனத்தைக் காரணங்காட்டி எவரையும் ஏற்ற மறுக்கலாகாது. பறக்கும்போது பிரயாணியின் உடல்நிலை கெடும் என்று கம்பெனி கருதினால், விமான நிலையத்திலேயே டாக்டர் அவரை நேரில் பரிசோதிக்க வேண்டும். அதன் பிறகும் மறுப்பதானால் காரணத்தை எழுத்து மூலம் கொடுக்க வேண்டும். இது 2022 ஜூலையில் சேர்க்கப்பட்ட திருத்தம். மறுப்பவரிடம் எழுத்தில் கேட்கும் தைரியம் பிரயாணிக்கு வேண்டும்.

உரிமையைக் கேட்பவர் தம் பங்கையும் ஒழுங்காகச் செய்தல் அவசியம். சக்கர நாற்காலி வேண்டுமென்பதை டிக்கெட் வாங்கும்போதே, குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன்பே, தெரிவித்துவிட வேண்டும். 'நாற்காலி வேண்டும்' என்று பொதுவாகச் சொன்னால் போதாது. படி ஏறுவேன், நீண்ட தூரம் நடக்க இயலாது என்பவர் ஒரு வகை. படியும் ஏற இயலாதவர் இரண்டாம் வகை. ஆசனம் வரையில் தூக்கிச் சென்று அமர்த்த வேண்டியவர் மூன்றாம் வகை. இம்மூன்றுக்கும் கம்பெனிகள் தனித்தனி எழுத்துக் குறி வைத்திருக்கின்றன. தவறான குறி விழுந்தால், தூக்கும் இயந்திரம் வரவேண்டிய இடத்தில் ஏணிப்படிதான் வந்து நிற்கும்.

மூட்டை கட்டுவதிலும் விவேகம் வேண்டும். மருந்துகளும் டாக்டர் சீட்டும் கைப்பையிலேயே இருக்கட்டும்; சரக்கறைக்குப் போகும் பெட்டியில் வைத்தால், பெட்டி வழி தவறும் நாளில் உயிருக்கே ஆபத்து. சொந்தச் சக்கர நாற்காலியைக் கொண்டுபோகிறவர்கள் கழற்றக்கூடிய மெத்தையையும் கால்தாங்கியையும் தம்முடன் வைத்துக்கொண்டு, நாற்காலியை ஒப்படைக்குமுன் ஒரு புகைப்படம் எடுத்துக்கொள்வது நலம். மின்சார நாற்காலியின் பாட்டரி எவ்வகை, எத்தனை வாட்-மணி என்பதை எழுதி வைத்துக் கம்பெனியிடம் முன்னரே அனுமதி பெற வேண்டும். கழற்றிய லித்தியம் பாட்டரியும், கைப்பேசிக்கான பவர் பாங்க்கும் கைப்பையில்தான் வரவேண்டும்; சரக்கறையில் தீப்பிடித்தால் அணைப்பார் இல்லை. பேரனுக்குப் பலகாரம் கொண்டுபோகும் பாட்டிமார் கொப்பரைத் தேங்காயை மட்டும் விட்டுவிடுக. தானே சூடேறித் தீப்பற்றக்கூடிய பண்டம் என்று அது விலக்கப்பட்டிருக்கிறது.

ஆனால், பிரயாணம் மீனம்பாக்கத்தில் தொடங்குவதில்லை. வீட்டு வாசற்படியில் தொடங்குகிறது. விம்கோ நகரிலிருந்து புறப்படும் மெட்ரோ ரயில் 2021 முதல் வடசென்னையை நேரே விமான நிலையத்துடன் இணைக்கிறது. ஸ்டேஷன்களில் மின்தூக்கி உண்டு. 2025 ஜூன் 30-ஆம் தேதி வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 தாழ்தள மின்சார பஸ்கள் ஓடத் தொடங்கின. இவை வரவேற்கத்தக்கவை. எனினும், மின்தூக்கியில்லாத குடியிருப்பின் மாடியில் வசிப்பவர் தெருவுக்கு இறங்குவது எப்படி? இறங்கியபின், பெயர்ந்த நடைபாதையையும், தேங்கிய மழை நீரையும், கண்டெய்னர் லாரிகளின் வரிசையையும் கடந்து பஸ் நிற்குமிடம் சேர்வது எப்படி? தாழ்தள பஸ்ஸுக்கு எதிரே உயர்ந்த நடைபாதையும் பள்ளமும் இருக்குமானால், சர்க்கார் செலவிட்ட பணம் பாதி வீணே.

பொது இடங்களை அனைவரும் அணுகத்தக்கதாக்கும் விதிகள் வெறும் யோசனைகளாக இருத்தலாகாது, கட்டாயமாக இருத்தல் வேண்டும் என்று 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் கூறியிருக்கிறது. மாநகராட்சியும், வீட்டுவசதி வாரியமும், விமானக் கம்பெனிகளும் இதைத் தங்களுக்கிட்ட கட்டளையாகக் கொள்ள வேண்டும். பொது ஊழியர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. ஒவ்வொரு வார்டிலும் வீட்டு வாசலிலிருந்து பஸ் நிற்குமிடம் வரை சக்கர நாற்காலியில் ஒருவரை அமர்த்தித் தள்ளிச் சென்று, தடைகளைக் குறித்து, அந்த ஜாபிதாவை மாநகராட்சி அங்கத்தினரிடம் கொடுத்துப் பதில் கேளுங்கள்.

எம்.கே.பி. நகர் என்பது மகாகவி பாரதி நகர். விடுதலையைத் தமது மூச்சாகக் கொண்டவரின் பெயர் அது. தன் வீட்டைவிட்டு வெளியே இறங்கவும், விரும்பிய ஊருக்குப் போய்வரவும் இயலாத ஒரு பிரஜைக்கு விடுதலை என்ற சொல் பாதிப் பொருள்தான் தரும். மீதிப் பாதியைத் தருவது நம் அனைவரின் கடமை.