வீட்டுக்குள் இருக்கும் விஷவாயு

கண்ணுக்குத் தெரியவில்லை, மூக்குக்கு எட்டவில்லை; ஆதலால் அப்படி ஒன்றில்லை என்று சொல்லிவிடுவது பகுத்தறிவாகாது. அளந்து பார்த்துச் சொல்லுவதுதான் பகுத்தறிவாகும்.

அயர்லாந்து தேசத்துக் கெர்ரி ஜில்லாவில் காஸில்ஐலண்டு என்னும் சிற்றூருக்குப் பக்கத்தில் ஒரு வீட்டை 2003-ம் வருஷத்தில் சோதித்ததில், ஒரு கன மீட்டர் காற்றில் 49,000 பெக்கெரல் ராடான் இருந்ததாகத் தெரிந்தது. பரிகாரம் தேட வேண்டிய அளவென்று அந்நாட்டில் வைத்திருப்பதோ 200-தான்!

ராடான் என்பது மண்ணிலும் பாறையிலுமுள்ள யுரேனியம் சிதைவதனால் உண்டாகும் வாயு. தரை வெடிப்பின் வழியாய் வீட்டுக்குள் புகுந்து தங்கி, சுவாசிப்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோயை உண்டாக்குகிறது. புகை பிடிப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். அயர்லாந்தில் வருஷந்தோறும் சுமார் 350 பேருக்கு இந்நோய் வருவதில் ராடானுக்குப் பங்குண்டு.

"அடுத்த வீட்டில் ஒன்றுமில்லை, நம் வீட்டிலும் இருக்காது" என்பவர்களை நாம் கேட்கிறோம்: அடுத்த வீட்டான் சாப்பிட்டால் உங்கள் பசி தீருமா? பக்கத்துப் பக்கத்து வீடுகளிலேயே அளவு வெகுவாய் மாறும். ஆகவே அவரவர் வீட்டை அவரவரே சோதித்தாக வேண்டும். கூடத்தில் ஒன்றும் படுக்கையறையில் ஒன்றுமாய் இரண்டு சிறு கருவிகளை மூன்று மாதம் வைத்திருந்து, பரிசோதனைச் சாலைக்குத் தபாலில் அனுப்பினால் போதும். அளவு மிஞ்சினால் தரைக்கடியில் குழி எடுத்து, குழாயும் விசிறியும் வைத்து அவ்வாயுவை வெளியேற்றிவிடலாம்.

வீட்டின் விலை குறைந்துவிடுமே என்று சோதனைக்கு அஞ்சுகிறவர்கள் விலையைக் காப்பாற்றலாம்; அவ்வீட்டில் படுத்துறங்கும் பிள்ளைகளை யார் காப்பாற்றுவது?