ஹோர்ட்டன் சமவெளிக்கு ஒரு வரம்பு

மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று பேராறுகளுக்கும் ஒரே மேட்டுநிலத்தின் ஈரம் ஊற்றாகிறது. ஒன்று கொட்டியாரக் குடாவில் கலக்கிறது. ஒன்று கொழும்பு மாநகரின் தாகம் தீர்க்கிறது. மற்றொன்று தெற்கே அம்பாந்தோட்டை வயல்களை நனைக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேல், ஏறத்தாழ 3,160 ஹெக்டேயரில் விரிந்து கிடக்கும் அந்நிலமே ஹோர்ட்டன் சமவெளி தேசியப் பூங்கா. நீண்ட விடுமுறைகளில் பொழுது புலருமுன்னரே அதன் வாயிலில் வாகனங்கள் அணிவகுத்து நிற்கின்றன. இத்தனை பேரும் எதனைக் காண விரைகின்றனர் என்று கேட்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

பெரும்பாலோர் விரைவது உலக முடிவை நோக்கியே. ஏறக்குறைய 870 மீற்றர் ஆழத்துக்குச் சரேலென இறங்கும் பாறை விளிம்பு அது. கீழே தேயிலைத் தோட்டங்களும் அவற்றுக்கு அப்பால் தென்னிலங்கைச் சமநிலமும் தெரியும். காலை ஒன்பது, பத்து மணியளவில் பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறிவந்து யாவற்றையும் மறைத்துவிடுவது வழமை. ஆதலால் ஓட்டமும் நடையுமாகச் சென்று, படம் பிடித்து, பனி முந்திக்கொண்டால் மனங்கசந்து திரும்புகின்றனர்.

அவர்கள் நொந்துகொள்ளும் அப்பனியே இம்மலையின் உயிர். குடை விரித்தாற்போன்ற முடிகொண்ட கீனா மரத்தின் கிளையொன்றை அருகிருந்து நோக்குக. பட்டை தெரியாதபடி பாசி போர்த்திருக்கும். தவழ்ந்து வரும் பனி பாசியின் நுனியில் மணியெனத் திரண்டு, கனத்து, கீழுள்ள பாசியில் சொட்டும். அங்கிருந்து வேருக்கு இறங்கும். மழை பெய்யாத நாளிலும் மரத்தடி நனைந்திருப்பது இதனாலேயே. அந்நீரைக் கருமண் உறிஞ்சிக்கொள்கிறது, சதுப்பு தேக்கி வைக்கிறது, பின்பு ஓடைகள் சிறுகச் சிறுக ஏந்திச் செல்கின்றன. பேக்கர் அருவியாய் வீழும் பெலிகுல் ஓயாவும் இவ்வாறு பிறந்ததே. பனி மூடிய காலையில் அங்கு நிற்கும் பேறு பெற்றவர், ஆறு பிறப்பதைக் கண்முன்னே காண்கிறார்.

இக்காடு தற்செயலாகத் தப்பியதன்று. 1831 முதல் 1837 வரை ஆளுநராயிருந்த வில்மட் ஹோர்ட்டனின் பெயர் தாங்கிய இச்சமவெளியைச் சூழ்ந்த மலைகளில், கோப்பிப் பயிருக்காகக் காடுகள் மளமளவென அழிந்த காலம் ஒன்று இருந்தது. 5,000 அடிக்கு மேற்பட்ட மலைக்காடுகளில் கை வைக்கலாகாது என 1873இல் கியூ தாவரவியற் பூங்காவின் தலைவர் ஜோசப் ஹூக்கர் அறிவுறுத்தினார். அரசும் அவ்வாறே ஆணையிட்டது. ஆதிக்க அரசொன்றின் ஆணையாயினும் அது நன்றியோடு நினைக்கத்தக்கது. ஆனால் காட்டுக்குக் கிட்டிய காவல் விலங்குகளுக்குக் கிட்டவில்லை. சாமுவேல் பேக்கர் முதலான வேட்டைக்காரர் நாய்க்கூட்டங்களோடு இங்கே மரைகளைத் துரத்திக் கொன்றனர். இங்கு உலவிய யானைகள் இன்று அறவே இல்லை. 1988இல் தேசியப் பூங்காவாகவும், 2010இல் மத்திய மலைநாட்டு உலக மரபுரிமையின் ஓர் அங்கமாகவும் இச்சமவெளி ஏற்கப்பட்டது.

ஏற்பினால் மட்டும் நோய் தீர்ந்துவிடவில்லை. பல பகுதிகளில் மரங்கள் நுனியிலிருந்து பட்டுக் காய்ந்து நிற்கின்றன. வறட்சியா, காற்றின் மாசா, மண்ணின் குறையா என அறிவியலாளர் பல்லாண்டுகளாக ஆராய்கின்றனர். ஐரோப்பாவிலிருந்து வந்து சேர்ந்த மஞ்சட் பூ முட்செடி புல்வெளியைக் கவ்வுகிறது. களையக் களையத் தழைக்கிறது. 1939க்குப் பின் அற்றுப்போனதென்று கருதப்பட்ட இச்சமவெளித் தேவாங்கின் ஒளிப்படம் 2010இல் வெளியானபோது அடைந்த மகிழ்ச்சியை மறத்தற்கில்லை. அச்சிற்றுயிருக்கு எஞ்சியிருப்பது காட்டின் துண்டுகளே.

இந்நிலையில் வருவோரின் பாரமும் சேர்கிறது. வாயிலில் அலுவலர்கள் பைகளைத் திறந்து பார்த்துப் பொலித்தீனை அகற்றுவதும், தண்ணீர்ப் போத்தலின் மேலுறையைக்கூடக் கிழித்தெடுப்பதும் பாராட்டுக்குரிய பணி. அதனைத் தொல்லை என முணுமுணுப்போர், சற்றுத் தள்ளி வாகனத் தரிப்பிடத்தில் மனிதர் கையை எதிர்பார்த்து நிற்கும் மரையைப் பார்க்கட்டும். புல் மேய்ந்து வாழவேண்டிய விலங்கு பிஸ்கட்டுக்குக் கழுத்தை நீட்டுகிறது. பரிவு என எண்ணிக் கொடுப்பது அதன் குடலுக்கு நஞ்சு; அச்சம் நீங்கியதால் வேட்டைக்காரனுக்கும் அது எளிய இரை.

மலைக்குச் செல்லாதீர் என்று நாம் சொல்லவில்லை. பிள்ளைகள் செல்ல வேண்டும்; தம் வீட்டுக் குழாய்நீர் எங்கே தொடங்குகிறதென்று அறிய வேண்டும். ஆயினும் ஈரமான ஒற்றையடிப் பாதை எத்தனை கால்களைத் தாங்கும் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. அதனை மதிப்பிட்டு நாளொன்றுக்கு இத்தனை பேர் என வரையறுத்தல் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் கடன். விடுமுறைக் காலத்திலும், செல்வாக்குள்ளோர் வேண்டினாலும், அது தளரலாகாது. தனியார் வாகனங்களை அடிவாரத்திலேயே நிறுத்தி, பட்டிப்பொல, ஒஹிய தொடருந்து நிலையங்களிலிருந்து பொதுப் பேருந்துகளை இயக்கினால் புகையும் இரைச்சலும் குறையும். வழிகாட்டிப் பணியில் அயலிலுள்ள தோட்டங்களின் இளையோருக்கு முன்னுரிமை வேண்டும். தலைமுறை தலைமுறையாக இம்மலைச் சரிவுகளில் கொழுந்து பறித்தவர்களின் பிள்ளைகள் அவர்கள்; பனியையும் ஓடையையும் அவர்களைப்போல் அறிந்தவர் சிலரே. அடுத்த நீண்ட விடுமுறை தொடங்குமுன், நாளொன்றுக்கு எத்தனை பேர் என்ற அந்த எண்ணிக்கையைத் திணைக்களம் பொதுமக்களுக்கு அறிவிக்கட்டும்.