இழுப்பு உள்ள பிள்ளைக்கு ஸ்ட்ராபெரி கொடுக்கலாமா?

பள்ளி விடுமுறை விட்டால் போதும், ஈப்போவிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் கார்கள் கேமரன் மலைக்கு ஏறத் தொடங்கிவிடும். தேயிலைத் தோட்டத்தில் படம் எடுத்து முடித்ததும் பிரிஞ்சாங் சந்தைக்குப் போய் ஸ்ட்ராபெரி வாங்குவோம். பல குடும்பங்களில் வாக்குவாதம் ஆரம்பிப்பது அங்கேதான். "பிள்ளைக்கு இழுப்பு இருக்கு, குளிர்ச்சியான பழத்தைக் கொடுக்காதே" என்பார் பாட்டி. "இல்லம்மா, வைட்டமின் சி ஆஸ்துமாவுக்கு நல்லதுன்னு வாட்ஸ்அப்பில் வந்திருக்கு" என்பார் மகள்.

யார் சொல்வது சரி? பழம் கொடுக்கலாம். ஆனால் பழத்தை மருந்தாக நம்பி இன்ஹேலரை ஒதுக்கிவிடக் கூடாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் ஆபத்து வருகிறது. 2019-ல் மட்டும் உலகில் சுமார் 4 லட்சத்து 55 ஆயிரம் பேர் ஆஸ்துமாவால் இறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது.

வைட்டமின் சி என்ன செய்யும்?

நம் உடலால் வைட்டமின் சி-யைத் தயாரிக்க முடியாது. உணவிலிருந்துதான் பெற வேண்டும். காயம் ஆறவும், ஈறுகள் உறுதியாக இருக்கவும், உணவிலுள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்கவும் அது தேவை. மூச்சுக்குழாயின் உட்புறத்தை நனைத்திருக்கும் மெல்லிய நீர்ப்படலத்திலும் அது இருக்கிறது. புகையும் தூசியும் ஏற்படுத்தும் சேதத்தை அங்கே ஓரளவு தடுக்கிறது.

பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 70 முதல் 90 மில்லிகிராம் போதும். 100 கிராம் ஸ்ட்ராபெரியில் ஏறக்குறைய 60 மில்லிகிராம் இருக்கிறது. அதே எடை கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கும் மேல்! கேமரன் மலையில் விளையும் குடைமிளகாய், முட்டைக்கோஸ், காலிஃபிளவர் எல்லாவற்றிலும் உண்டு. நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் பெரும்பகுதி போய்விடும்.

வைட்டமின் சி நிறைந்த பழங்களை அடிக்கடி சாப்பிடும் பிள்ளைகளிடம் இழுப்பு குறைவாகக் காணப்பட்டதாக 2000-ல் வெளியான இத்தாலிய ஆய்வு ஒன்று கூறியது. ஆனால் மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்த சோதனைகளில் அந்தப் பலன் உறுதியாகவில்லை. அத்தகைய சோதனைகளை ஒன்றுசேர்த்து 2013-ல் அலசிய காக்ரேன் ஆய்வறிக்கை, ஆஸ்துமாவுக்கு வைட்டமின் சி-யைச் சிகிச்சையாகப் பரிந்துரைக்கப் போதிய ஆதாரம் இல்லை என்றது. நாளுக்கு 2,000 மில்லிகிராமைத் தாண்டினால் வயிற்றுப்போக்கு வரலாம். சிலருக்குச் சிறுநீரகக் கல் உருவாகும் வாய்ப்பும் கூடும்.

பாட்டியின் பயத்திலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. மலையின் குளிர்காற்று சிலருக்கு மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடும். கெடாமலிருக்க சல்பைட் சேர்த்த உலர்பழங்களும் பானங்களும் சிலருக்கு இழுப்பைத் தூண்டும். பழி மட்டும் புதுப் பழத்தின் மேல் விழுகிறது. குறிப்பிட்ட ஒரு பழம் சாப்பிட்டதும் உதடு வீங்குகிறது, தோலில் தடிப்பு வருகிறது என்றால்தான் அது ஒவ்வாமை. அந்தப் பழத்தைத் தவிர்த்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

தேயிலைத் தூசியும் மூச்சும்

ஜே.ஏ. ரசல் 1929-ல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய காலம் முதல், கேமரன் மலைத் தேயிலையின் வரலாற்றில் தமிழர் உழைப்பும் கலந்திருக்கிறது. நம்மில் பலருக்குத் தாத்தா பாட்டி வழியில் ஏதோ ஒரு தோட்டத்தின் தொடர்பு இருக்கும். தேயிலைக்கும் ஆஸ்துமாவுக்கும் உள்ள உறவையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

கொழுந்தை வாட்டி, உருட்டி, புளிக்கவைத்து, உலர்த்தி, பிறகு சலித்துத் தரம் பிரிப்பார்கள். உலர்ந்த இலையைச் சலிக்கும்போதும் பெட்டியில் அடைக்கும்போதும் நுண்ணிய தூசி பறக்கும். இலையின் மெல்லிய ரோமங்களும் அதில் இருக்கும். இலங்கையின் நெஞ்சுநோய் மருத்துவர் சி.ஜி. உரகொட, தேயிலைத் தயாரிப்பில் ஈடுபடுவோருக்கு வரும் ஆஸ்துமாவைப் பற்றி 1970-ல் மருத்துவ இதழில் எழுதினார். தேயிலைத் தொழிலாளர்களின் சுவாச நோய்கள் குறித்து 1980-ல் மீண்டும் எழுதினார்.

தேயிலை, மாவு, மரத்தூள், எதுவானாலும் தூசியில் வேலை செய்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். வேலை நாளில் இருமலும் இறுக்கமும் கூடி, விடுமுறையில் குறைகிறதா? அப்படியானால், என்ன வேலை செய்கிறீர்கள் என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். தூசி தொடரும் வரை, மருந்து மட்டும் முழுப் பலன் தராது.

அதே தேயிலையிலிருந்துதான் ஆஸ்துமா மருந்து ஒன்றும் கிடைத்தது. 1888-ல் ஜெர்மனியின் ஆல்பிரெக்ட் கொசல் தேயிலையிலிருந்து தியோபிலின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார். பெயருக்கே 'தேயிலை' என்றுதான் பொருள். பிற்பாடு பல ஆண்டுகள் அது ஆஸ்துமா மாத்திரையாகப் பயன்பட்டது. ஆனால் ஒரு கோப்பைத் தேநீரில் இருப்பது மிகச் சொற்பம். சூடாகக் குடித்தால் தொண்டைக்கு இதமாக இருக்கும், அவ்வளவுதான்.

சிகிச்சையில் வந்துள்ள மாற்றம்

ஆஸ்துமாவில் மூச்சுக்குழாய்க்குள் அழற்சி இருக்கிறது. உட்சுவர் வீங்கி, தசை இறுகி, சளி கூடி, காற்று செல்லும் வழி குறுகுகிறது. நம் வீடுகளில் பழக்கமான நீல நிற இன்ஹேலர் இறுகிய தசையைத் தளர்த்தும். சில நிமிடங்களில் நிம்மதி தரும். ஆனால் வீக்கம் அப்படியே இருக்கும்.

அதனால்தான் 2019-ல் உலக ஆஸ்துமா வழிகாட்டிக் குழுவான ஜினா, பெரியவர்களுக்கும் 12 வயது நிரம்பியவர்களுக்கும் நீல இன்ஹேலரை மட்டும் தனியாகக் கொடுப்பதைப் பரிந்துரைப்பதை நிறுத்தியது. வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலரும் சேர்ந்திருக்க வேண்டும் என்றது. ஸ்டீராய்டு என்றதும் பலர் பயப்படுகிறார்கள். மருந்து நேராக மூச்சுக்குழாய்க்குப் போவதால், அடிக்கடி விழுங்கும் ஸ்டீராய்டு மாத்திரையைவிட மிகக் குறைந்த அளவே போதும். இழுத்த பிறகு வாயைக் கொப்பளிக்க வேண்டும். பிள்ளைகளுக்கு ஸ்பேசர் வைத்துக் கொடுப்பது நல்லது.

இவற்றுக்கும் அடங்காத கடுமையான ஆஸ்துமாவுக்கு 'பயாலஜிக்' ஊசிகள் வந்துள்ளன. அமெரிக்காவில் 2003-ல் அனுமதி பெற்ற ஒமலிசுமாப் இவற்றில் முன்னோடி. 2024-ல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வு புதிய நம்பிக்கை தந்தது. ஆஸ்துமாவோ நாள்பட்ட நுரையீரல் அடைப்போ திடீரென மோசமான 158 பேர் அதில் பங்கேற்றனர். ஈசினோபில் என்ற வெள்ளணு அவர்களுக்கு அதிகமாக இருந்தது. ஸ்டீராய்டு மாத்திரை மட்டும் பெற்றவர்களில் 90 நாட்களுக்குள் 74 விழுக்காட்டினருக்குச் சிகிச்சை பலிக்கவில்லை. பென்ராலிசுமாப் ஊசி போட்டவர்களில் அது 45 விழுக்காடு. இந்த ஊசிகள் விலை அதிகம். எல்லோருக்கும் தேவைப்படுவதும் இல்லை. பெரும்பாலோருக்குச் சரியான இன்ஹேலரைச் சரியாக இழுத்தாலே போதும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

இரவில் இருமி விழிக்கிறீர்களா? வாரத்தில் இரண்டு முறைக்கு மேல் நீல இன்ஹேலர் தேவைப்படுகிறதா? நோய் கட்டுப்பாட்டில் இல்லை என்று பொருள். அருகிலுள்ள அரசாங்க சுகாதார கிளினிக்குக்குச் சென்று, இன்ஹேலரை எப்படி இழுக்கிறீர்கள் என்று செய்து காட்டுங்கள். மெத்தை, தலையணையை வெயிலில் போடுங்கள். வீட்டுக்குள் சிகரெட் வேண்டாம். மலைக்குப் போகும்போது இன்ஹேலரைப் பெட்டிக்குள் வைக்காமல் கைப்பையில் வையுங்கள்.

ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியவில்லை, உதடு நீலமாகிறது, இன்ஹேலர் இழுத்தும் தணியவில்லை என்றால் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். கேமரன் மலையில் இருந்தால் தானா ராத்தாவிலேயே அரசு மருத்துவமனை இருக்கிறது. கீழே இறங்கி ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்காதீர்கள்.

ஸ்ட்ராபெரியா? நன்றாகக் கழுவி, பாட்டிக்கும் இரண்டு கொடுங்கள்.