நாலு ஓம்ஸ்

நெய்வேலியை ஒட்டிய எங்கள் வடக்குத்துப் பக்கம் ஆம்ப்ளிஃபயரைப் பற்றிச் சரியான கேள்வியைக் கேட்கிறவர்கள் மைக் செட்காரர்கள்தான். கோயில் திருவிழாவுக்குக் குழாய் கட்டும்போது ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கம் 4, 8, 16 ஓம்ஸ் என்று தனித்தனியாக இருக்கும் முனைகளில் எதை எதில் மாட்டுவது என்று கணக்குப் போட்ட பிறகே ஒயரை முறுக்குவார்கள். எட்டு ஓம்ஸ் பெட்டி இரண்டை இணையாகச் சேர்த்தால் நாலு ஓம்ஸ். நாலு தெருவுக்குக் குழாய் போகவேண்டுமென்றால் 100 வோல்ட் லைன். இந்தக் கணக்குத் தப்பினால் ராத்திரிக் கூத்து பாதியில் நின்றுவிடும், ஊருக்குப் பதில் சொல்ல வேண்டும். வீட்டுக்குப் பாட்டுக் கேட்க செட் வாங்குகிற நாமோ, கடைக்குள் நுழைந்ததும் "எத்தனை வாட்ஸ்?" என்கிறோம்.

இந்தப் பழக்கத்தை நமக்கு ஊட்டியது பி.எம்.பி.ஓ என்ற உச்ச வாட் கணக்கு. ஒரு காலத்தில் டேப் ரெக்கார்டர் நெற்றியிலும் அட்டைப்பெட்டியிலும் 1000, 2000 என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அந்த எண்ணுக்கும், ஓர் ஆம்ப்ளிஃபயர் நின்று நிதானமாகக் கொடுக்கிற சக்திக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. அந்த எழுத்து இப்போது பெரும்பாலான பெட்டிகளில் இல்லை. நம் மனதில் இருக்கிறது.

இதை எழுதத் தூண்டியவர் பக்கத்துத் தெரு அண்ணன். நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையத்தில் வேலை பார்த்தவர். சோவியத் உதவியோடு 1962-ல் ஓடத் தொடங்கி 2020-ல் மூடப்பட்ட அதே நிலையம். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு இங்கே வீடு கட்டிக்கொண்டார். அமெரிக்காவில் இருக்கும் மகன் மேக்னபேன் எல்.ஆர்.எஸ் ஸ்பீக்கர் ஜோடி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். அண்ணன் அதை, வீட்டில் ஏற்கெனவே சினிமா பார்க்க வைத்திருந்த ரிசீவரில் மாட்டினார். ஆலாபனை வரைக்கும் குறையில்லை. "தனி ஆவர்த்தனம் சூடு பிடிச்சா டக்குனு கட் ஆயிடுது தம்பி, திரும்ப ஆன் பண்ண வேண்டியிருக்கு" என்று கூப்பிட்டார்.

அந்த ஸ்பீக்கரைப் பார்த்தால் ஸ்பீக்கர் என்றே தோன்றாது. பெட்டி இல்லை, கூம்பு இல்லை. நாலடி உயரம், ஒன்றேகாலடிக்கும் குறைவான அகலம், ஓரங்குலக் கனம். உள்ளே விறைப்பாக இழுத்துக் கட்டிய மெல்லிய மைலார் தாள், அதன்மேல் மின்கடத்தி, எதிரே வரிசையாகக் காந்தப் பட்டைகள். மின்சாரம் ஓடினால் தாள் முழுதுமாக முன்னும் பின்னும் அசைகிறது. 3எம் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த ஜிம் வைனி இந்த வழியைக் கண்டு 1969-ல் மினசோட்டாவில் மேக்னபேனைத் தொடங்கினார். குரலும் வீணையும் இதில் வருகிற விதத்தைச் சொல்லிப் புரியவைப்பது கடினம். பெட்டிக்குள் இருந்து பாடுகிற உணர்வு போய், ஆள் உட்கார்ந்திருக்கிற உயரத்தில், ஆளுக்குரிய அளவில் குரல் நிற்கும்.

ஆனால் அது சாப்பிடும் மின்சாரம் அதிகம். 2.83 வோல்ட் கொடுத்தால் 86 டெசிபல் என்று போட்டிருக்கிறார்கள். எட்டு ஓம்ஸ் ஸ்பீக்கரில் 2.83 வோல்ட் என்பது ஒரு வாட். இது நாலு ஓம்ஸ் ஆனதால் அதே வோல்ட்டுக்கு இரண்டு வாட் இழுக்கிறது. அதாவது ஒரு வாட்டுக்கு 83 டெசிபல்தான். சாதாரணப் பெட்டி ஸ்பீக்கர் பலவும் இதைவிட நாலைந்து டெசிபல் கூடுதலாகத் தருபவை. மூன்று டெசிபல் கூட்ட வேண்டுமென்றால் சக்தி இரண்டு மடங்கு வேண்டும். இருபது டெசிபலுக்கு நூறு மடங்கு. பாடகர் நிதானமாகப் பாடும்போது ஒரு வாட் போதும் என்று வையுங்கள். மிருதங்கத்தின் மோரா முடிந்து விழுகிற அடி பதினைந்து இருபது டெசிபல் மேலே தாவும். அந்தக் கணம் நூறு வாட் வரை கேட்கும். கண் இமைக்கும் நேரம்தான், ஆனால் அந்த நேரத்தில் அது இருக்க வேண்டும்.

இன்னொன்று, அந்த நூறு வாட் எந்த வடிவத்தில் வருகிறது என்பது. எட்டு ஓம்ஸில் நூறு வாட் என்றால் 28 வோல்ட், மூன்றரை ஆம்பியர். நாலு ஓம்ஸில் அதே நூறு வாட்டுக்கு 20 வோல்ட் போதும், ஆனால் ஐந்து ஆம்பியர் ஓட வேண்டும். பல சினிமா ரிசீவர்களில் ஒரே டிரான்ஸ்ஃபார்மர் ஐந்து ஏழு சேனலுக்கும் பங்கு போடுகிறது. ஹீட் சிங்க் சிறியது. கரண்ட் எகிறியதும் பாதுகாப்புச் சுற்று எல்லாவற்றையும் நிறுத்திவிடும். அது கெட்டுப்போனதன் அறிகுறி அல்ல, தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. இதைச் சொன்னதும் அண்ணன் ஒரே வரியில் பிடித்துக்கொண்டார்: "லோடு பார்க்காம ஜெனரேட்டர் வாங்குன கதை."

விவரத் தாளில் இரண்டு எண்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். எட்டு ஓம்ஸில் 80 வாட் என்று போட்டு நாலு ஓம்ஸில் 150 பக்கம் போட்டிருந்தால் பவர் சப்ளைக்கு முதுகெலும்பு இருக்கிறது. நாலு ஓம்ஸ் எண்ணே இல்லை, அல்லது குறைந்தது ஆறு ஓம்ஸ் வேண்டும் என்று பின்பக்கம் அச்சடித்திருக்கிறது என்றால், எத்தனை வாட் எழுதியிருந்தாலும் இந்தப் பலகை ஸ்பீக்கருக்கு அது ஆகாது. அண்ணன் கடைசியில், அதிகம் சூடாகாத கிளாஸ் டி வகை ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் ஒன்று வாங்கினார். நெதர்லாந்தின் ஹைபெக்ஸ் போன்றவர்களின் மாட்யூல்கள் வந்த பிறகு, நாலு ஓம்ஸில் தயங்காமல் கரண்ட் கொடுக்கிற ஆம்ப்ளிஃபயர் நடுத்தர வருமானத்துக்கு எட்டுகிற பொருளாகியிருக்கிறது. சும்மா இருக்கும்போதே நூற்றுக்கணக்கான வாட்டை வெப்பமாகக் கக்கும் பெரிய கிளாஸ் ஏ ஆம்ப்ளிஃபயர்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஒரு ஓம் வரை இறங்கிய அபோஜி சின்டில்லா ஸ்பீக்கரை ஓட்டிக் காட்டியவை கிரெல் போன்ற அந்த ராட்சதங்கள்தான். ஆனால் அக்னி நட்சத்திரத்தில் வடக்குத்து வீட்டு ஹாலுக்குள் இன்னொரு அடுப்பை வைக்க என் மனம் ஒப்பாது.

எல்லாப் பலகைக்கும் ஒரே குணம் இல்லை. 1957-ல் இங்கிலாந்தில் பீட்டர் வாக்கர் கொண்டுவந்த குவாட் எலக்ட்ரோஸ்டாட்டிக், காந்தமே இல்லாதது. தாளுக்கு ஆயிரக்கணக்கான வோல்ட் ஏற்றிவைத்து நிலைமின்சாரத்தால் அசைப்பது. ஆம்ப்ளிஃபயருக்கு அது ஒரு கெப்பாசிட்டர். தாழ்ந்த சுரத்தில் முப்பது ஓம்ஸுக்கும் மேல், உச்சத்தில் இரண்டுக்கும் கீழ். சில ஆம்ப்ளிஃபயர்கள் இதில் நிலை தடுமாறும். அதோடு சேர்த்து ஓட்டிய வாக்கரின் குவாட் 2 வால்வ் ஆம்ப்ளிஃபயர் தருவது வெறும் 15 வாட். அது போதுமாக இருந்தது. பெரிய ஆம்ப்ளிஃபயரை மாட்டி உச்சத்தில் 33 வோல்ட்டைத் தாண்டினால் உள்ளே பொறி பறந்து பலகை ஓட்டையாகிவிடும். இங்கே அதிக வாட்தான் ஆபத்து. நம் நாட்டிலும் புனேயின் கேடன்ஸ் நிறுவனம் மேலே எலக்ட்ரோஸ்டாட்டிக் பலகை, கீழே கூம்பு வூஃபர் என்று கலப்பாகச் செய்தது. அந்த ஒலியை மிகவும் மதிக்கிறேன். என்றாலும் உயர்மின்னழுத்தம் ஏறிய தாள் தூசியை இழுக்கும், ஈரத்தில் கசியும். சுரங்கத்துக்குப் பக்கத்தில், கடலுக்கும் அதிகத் தூரமில்லாத ஊரில், ஐப்பசி கார்த்திகை மழையைத் தாண்டி அதைப் பராமரிப்பது பெரும்பாடு. இங்கே காந்தப் பலகையே பொருத்தம் என்பேன்.

ஆம்ப்ளிஃபயர் சரியானதும் அண்ணன் வீட்டில் அடுத்த பிரச்சினை சுவர். பலகை முன்னால் எவ்வளவு ஒலி விடுகிறதோ அவ்வளவையும் பின்னாலும், தலைகீழ்க் கட்டத்தில், விடுகிறது. சுவரோடு ஒட்டி வைத்தால் பின்னொலி உடனே திரும்பிவந்து முன்னொலியைக் குழப்பும், குரல் கலங்கும். மூன்றடியாவது விலக வேண்டும், நாலடி என்றால் இன்னும் நல்லது. ஹாலில் அந்த இடத்தை நிரந்தரமாகக் கொடுக்க அண்ணி சம்மதிக்கவில்லை, அது நியாயமும்கூட. பலகை இலேசானது. கேட்கும்போது முன்னால் இழுத்து, முடிந்ததும் சுவரோரம் தள்ளிவைக்கிறார்கள். தரையில் ஒட்டிய சிறு அடையாளங்கள் ஒவ்வொரு முறையும் அளக்கிற வேலையை மிச்சப்படுத்துகின்றன. பின்சுவரில் நெய்வேலி புத்தகக் கண்காட்சியில் வருஷா வருஷம் வாங்கிச் சேர்த்த புத்தகங்களை அலமாரியில் மேடும் பள்ளமுமாக அடுக்கச் சொன்னேன், பின்னொலி ஒரே பக்கம் மோதாமல் சிதறும். பக்கவாட்டில் பலகை மிகக் குறைவாகவே ஒலி விடுவதால், டைல்ஸ் தரையும் பூசிய சுவரும் கான்கிரீட் கூரையும் கொண்ட நம் வீடுகளின் எதிரொலித் தொல்லை பெட்டி ஸ்பீக்கரைவிடக் குறைகிறது. நம் கட்டடங்களுக்கு இது பெரிய வரம்.

எல்லாம் அமைந்த அன்று கர்நாடக இசைப் பாடகர் எம்.டி. ராமநாதனைப் போட்டோம். அந்தத் தாழ்ந்த சுருதிக் குரல் அவசரமில்லாமல் ஹாலில் பரவியது. மிருதங்கத்தின் தொப்பியில் விழுகிற கும்கி முழுசாக வந்தது. எல்.ஆர்.எஸ் கீழே 50 ஹெர்ட்ஸ் வரைதான் இறங்கும், கச்சேரிக்கு அது போதும். இன்றைய சினிமாப் பாட்டின் அடிவயிற்று பேஸ் வேண்டுமென்றால் தனியாக சப்வூஃபர் வைத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

ஒரு வேலை பாக்கி. ஹாலின் மேற்கு ஜன்னல் வழியாக மாலை வெயில் நேராகப் பலகை மேல் விழுகிறது. பழைய காந்தப் பலகைகளில் காலமும் சூடும் சேர்ந்து பசையைத் தளர்த்தி, தாளைவிட்டு ஒயர் எழும்பிப் படபடக்கும் கோளாறு நன்கு அறியப்பட்டது. அதை இங்கே அவிழ்த்துச் சரிசெய்ய ஆள் பிடிப்பது கடினம், அமெரிக்காவுக்கு அனுப்புவது அதைவிடக் கடினம். கனத்த திரை தைக்க அண்ணி துணி எடுத்துவிட்டார்.